கை போகிற இடத்தில் டம்ளர்: கேன்டீன் காபியை வீணாக்காமல் கொடுப்பது எப்படி

கேன்டீன் நடத்த வருவதற்கு முன்னால் 11 வருஷம் நான் வரைபட வேலை பார்த்தவள். ஐ.டி.ஐ.யில் டிராப்ட்ஸ்மேன் படித்துவிட்டு, ஒரு பட்டறையில் ஜிக், ஃபிக்ஸ்சர், அதாவது மெஷினில் பாகத்தைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கும் சட்டங்கள், வரைந்துகொண்டிருந்தேன். ஃபிக்ஸ்சர் சரியாக அமைந்துவிட்டால் மெஷினில் நிற்பவர் யோசிக்கவே வேண்டாம். பாகத்தை வைத்தால் அது உட்கார வேண்டிய இடத்தில்தான் போய் உட்காரும், திருப்பி வைக்க வராது. காபி விஷயத்தில் நான் செய்ததெல்லாம் அந்த வேலைதான். அதனால் இதைப் படிக்க உங்களுக்குச் சுற்றுச்சூழல் அறிவு எதுவும் வேண்டாம். ஒரு பென்சில், ஒரு லிட்டர் அளவை, ஒரு வாரப் பொறுமை இருந்தால் போதும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 180 பேர் வேலை செய்யும் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனை 2021-இல் எடுத்தேன். காலை 10.15-க்கு ஒரு காபி, மாலை 3.30-க்கு ஒரு காபி. இடைவேளை 15 நிமிஷம். அத்தனை காபியும் காகிதக் கப்பில்தான் போனது. ‘சுற்றுச்சூழலைக் காப்போம்’ என்று ஒரு நோட்டீஸ், கப் அடுக்கி வைத்திருந்த இடத்துக்கு நேர் மேலே ஒட்டியிருந்தது. அதைப் படித்துக்கொண்டே எல்லோரும் கப்பை உருவிக்கொண்டு போனார்கள். அவர்கள்மேல் தப்பே இல்லை. கை நீட்டினால் கிடைத்தது அது ஒன்றுதான்.

முதலில் குப்பைக் கூடையைப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் எண்ணுங்கள். ஒவ்வொரு இடைவேளைக்கும் தனிச் சாக்கு போட்டு, விழுந்த கப்புகளை எண்ண வேண்டும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு கப்பிலும் மிச்சமிருக்கும் காபியை ஒரு வாளியில் ஊற்றி அளக்க வேண்டும். கை பிசுபிசுக்கும், ஈ மொய்க்கும். ஆனால் இதைச் செய்யாமல் ஆரம்பித்தால் தவறான இடத்தில் காசைப் போடுவீர்கள்.

எனக்கு வந்த கணக்கு இது: ஒரு நாளைக்கு ஏறக்குறைய 360 கப். வாளியில் ஐந்தரை லிட்டர் காபி.

கப்தான் பிரச்சினை என்று நினைத்து வந்த எனக்கு அந்த வாளி வேறு கதை சொன்னது. 7 கிராம் தூள் போட்ட ஒரு கப் காபி உருவாக, விதை விளைவது முதல் கணக்கிட்டால், சுமார் 140 லிட்டர் நீர் ஆகிறது என்று நெதர்லாந்தின் நீர்த்தட ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி தோட்டத்தில் பெய்யும் மழைதான். பாலோ இன்னும் கனமானது. உலக சராசரியில் ஒரு லிட்டர் பாலுக்குச் சுமார் 3 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான வாயுக்கள் காற்றில் கலக்கின்றன. நம் ஃபில்டர் காபியில் முக்கால்வாசி பால். ஆக, கால் கப் காபியைச் சாக்கடையில் ஊற்றுவது அந்தக் காகிதக் கப்பைத் தூக்கிப்போடுவதைவிடப் பெரிய சேதம்.

கப் சின்ன விஷயம் என்று இதற்கு அர்த்தமில்லை. காகிதக் கப்பின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, அது இல்லாவிட்டால் காபி ஊறி வெளியே வந்துவிடும். காகிதமும் பிளாஸ்டிக்கும் பிரிக்க முடியாமல் ஒட்டியிருப்பதால் எங்கள் பகுதிக் காயலான் கடைக்காரர் அட்டையை எடுத்துக்கொள்வார், பழைய பேப்பரை எடுத்துக்கொள்வார், இதைத் தொடமாட்டார். ஐ.ஐ.டி. கரக்பூர் ஆய்வாளர்கள் 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி நீரை இந்த மாதிரிக் கப்பில் 15 நிமிடம் வைத்துப் பார்த்தபோது, சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துணுக்குகள் அதில் இறங்கியிருந்தன. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை, 2023-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனாலும் எங்கும் கிடைத்தது, எல்லோரும் வாங்கினோம்.

இரண்டாவது வேலை, கேன்டீனின் தரைப்படத்தை ஒரு தாளில் வரைந்து, ஆட்கள் நடக்கும் வழியைப் பென்சிலால் இழுப்பது. வாசல், டோக்கன், கவுண்டர், மின்விசிறிக்குக் கீழே பெஞ்ச், குப்பைக் கூடை, கை கழுவும் இடம், மறுபடி வாசல். 20 பேரைப் பின்தொடர்ந்து கோடு போட்டாலே ஒரு தடம் பதிந்துவிடும். இனி நீங்கள் வைக்கும் ஒவ்வொரு பொருளும் அந்தத் தடத்தின்மேல் இருக்க வேண்டும். தடத்தை விட்டு நாலடி தள்ளி வைத்தால் யாரும் வரமாட்டார்கள்.

டம்ளரைத் தேர்ந்தெடுப்பது

இதில் நான் ஒரு மாதம் செலவழித்தேன், அது வீண் போகவில்லை.

பழைய காகிதக் கப் 150 மில்லி. அதில் 130 மில்லி வரை ஊற்றிக்கொண்டிருந்தோம். 15 நிமிஷ இடைவேளையில் வரிசையிலேயே நாலைந்து நிமிஷம் போய்விடும். மிச்ச நேரத்தில் கொதிக்கக் கொதிக்க 130 மில்லி குடிக்க முடியாமல்தான் மீதி வைத்தார்கள். எனவே 100 மில்லிக்கு இறங்கினேன். ஆனால் 100 மில்லி டம்ளர் வாங்காதீர்கள், 150 மில்லி டம்ளரே வாங்குங்கள். காரணம் இரண்டு.

ஒன்று, சூடு. “எவர்சில்வர் கையைச் சுடும்மா” என்பதுதான் முதல் புகாராக வரும். நம் காபி டம்ளரின் வாய்ப்பக்கம் வெளியே மடிந்து விரிந்திருக்கிறதே, அந்த விளிம்புதான் அதற்குக் கைப்பிடி. காபி விளிம்பிலிருந்து இரண்டு விரல்கடை கீழே நின்றால், மேல்பகுதி தாங்கக்கூடிய சூட்டில் இருக்கும். விளிம்பு வரை ஊற்றினால் பிடிக்க இடமே இல்லை. கடையில் வாங்கும்போது விளிம்பு நன்றாக உருட்டி மடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நேராக வெட்டிவிட்ட வாய் உள்ள டம்ளர் விலை குறைவு, ஆனால் உதட்டையும் விரலையும் சேர்த்துச் சுடும்.

இரண்டு, நுரை. 100 மில்லி காபியை ஒரு கை உயரத்திலிருந்து ஆற்றி ஊற்றினால் மேலே விரல் கனத்துக்கு நுரை நிற்கும். டம்ளர் நிறைந்தாற்போல இருக்கும். அளவைக் குறைத்தபோது ஒருவர்கூட “குறைச்சுட்டீங்களே” என்று கேட்காததற்கு இந்த நுரைதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். கேட்பவர்களுக்கும் வழி வைத்திருந்தேன்: வேண்டுமென்றால் இன்னொரு அரை டம்ளர், கூடுதல் காசு இல்லாமல். மறைத்துச் செய்யாமல் கவுண்டரிலேயே எழுதிப் போட்டேன். பெங்களூரில் ‘பை டூ காபி’ என்று ஒரு காபியை இருவர் பிரித்துக் குடிப்பது சகஜம், நம் ஹோட்டல்களில் மினி காபி உண்டு. அரை கேட்பது நம்மிடம் அவமானமான காரியம் இல்லை. எங்களிடம் மறுபடி வாங்கியவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து நாளுக்கு 4 லிட்டர்தான் ஆனது.

டபராவை எல்லோருக்கும் கொடுக்கவில்லை. கொடுத்தால் கழுவும் பாத்திரம் இரட்டிப்பு. சூடு ஆற்ற வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ள 30 டபரா தனியாகக் கவிழ்த்து வைத்தோம், அதுவே மிச்சப்படுகிறது.

சர்க்கரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முன்பே கலந்து வைத்த காபியில் இனிப்பு அதிகம் என்றுதான் பலர் பாதியில் வைத்தார்கள். சர்க்கரை இல்லாமல் ஊற்றி, பக்கத்தில் சின்னக் கரண்டியோடு டப்பா வையுங்கள். கரண்டி சின்னதாக இருக்கட்டும்.

எல்லோருக்கும் ஒரே டம்ளர்

இதைத் தனியாக எழுதக் காரணம் உண்டு. நம் ஊரில் டம்ளர் வெறும் பாத்திரமாக இருந்ததில்லை. டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்து, சாதியின் பெயரால் ஆட்களைத் தள்ளி நிறுத்திய வரலாறு நமக்கு இருக்கிறது. எங்கள் கேன்டீனில் வயதான ஒரு தொழிலாளி, டம்ளர் வரப்போகிறது என்று தெரிந்ததும் என்னிடம் வந்து, “காகிதக் கப்புல ஒரு நிம்மதி இருந்துச்சும்மா. அது யாருக்கும் வேறவேற கிடையாது” என்றார். அவர் ஊரில் அவர் அப்பா வெளியே நின்று, தனியாகத் தொங்கவிட்டிருந்த டம்ளரை எடுத்துக் குடித்து, தானே கழுவி வைத்துவிட்டு வந்ததைப் பார்த்து வளர்ந்தவர்.

அன்று ராத்திரி என் திட்டத்தில் ஒரு வரி சேர்த்தேன். அதிகாரிகள் அறைக்குப் போய்க்கொண்டிருந்த பீங்கான் கப்பை நிறுத்துவது. ஒரே அச்சில் செய்த 220 டம்ளர். மேலாளருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் லோடு இறக்க வருபவருக்கும் அதே. பெயர் வெட்டுவது, நிற மோதிரம் போடுவது, பிரிவுக்கு ஒரு குறி என்று யோசனைகள் வந்தன. தொலையாமல் இருக்க அவை உதவும் என்பது உண்மைதான். நான் ஒன்றையும் ஏற்கவில்லை. உங்கள் இடத்திலும் இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கழுவுவது கண்ணில் படட்டும்

எச்சில் பயம்தான் காகிதக் கப்புக்கு உயிர் கொடுக்கிறது. “யாரு குடிச்சதோ” என்ற எண்ணம் வந்துவிட்டால் என்ன சொல்லியும் பிரயோஜனமில்லை. பின்கட்டில் எவ்வளவு சுத்தமாகக் கழுவினாலும் அது வரிசையில் நிற்பவருக்குத் தெரியாது. எனவே கழுவும் மேடையை முன்னால் கொண்டுவந்தேன். கடைசித் தொட்டியில் ஆவி பறக்கும் வெந்நீர், அதிலிருந்து கம்பிக் கூடையோடு தூக்கி, கவுண்டருக்குப் பக்கத்திலேயே கவிழ்த்து அடுக்குவது. காபி வாங்க நிற்பவர் அந்த வெந்நீரைப் பார்த்துக்கொண்டே நிற்பார். துணியால் துடைக்காதீர்கள், அந்தத் துணியைப் பார்த்தால் வந்த நம்பிக்கை போய்விடும். வெந்நீரில் முக்கிக் கவிழ்த்தால் எவர்சில்வர் தானே காய்ந்துவிடும்.

அடுத்த கேள்வி தண்ணீர். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற சென்னையில் இது நியாயமான கேள்வி. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவியபோது டம்ளருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் போனதை அளந்தோம். அதன்பின் மூன்று தொட்டி முறைக்கு மாறினோம். ஒவ்வொன்றிலும் 10 லிட்டர். முதலில் சோப்பு நீர், இரண்டாவது அலசும் நீர், மூன்றாவது வெந்நீர். 90 டம்ளர் ஆனதும் முதல் தொட்டியைக் கொட்டிவிட்டு, மூன்றாவதில் ஆறிப்போன நீரை முதல் தொட்டிக்கு மாற்றிச் சோப்புப் போட வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் மட்டும் புது நீர். இப்படி 90 டம்ளருக்கு 20 லிட்டர், அதாவது ஒன்றுக்குக் கால் லிட்டருக்கும் குறைவு. தொட்டிகளை இடமிருந்து வலமாக, கை மாறாமல் நகரும்படி, இடுப்பு உயரத்தில் வையுங்கள். எங்களிடம் கழுவும் அக்கா முதலில் குனிந்து குனிந்து செய்தார், மூன்றாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டது. அவருக்கு மேடை உயரத்தை அளந்து கட்டாமல் ஆரம்பித்தது என் தப்பு. நீங்கள் மேடையை முதலில் கட்டுங்கள். கழுவுபவர் உடம்பு தாங்கவில்லையென்றால் ஒரு மாதத்தில் காகிதக் கப் திரும்பி வந்துவிடும்.

திரும்பி வரும் வழி

இப்போது அந்தப் பென்சில் கோட்டை எடுங்கள். குப்பைக் கூடை எங்கே இருந்ததோ சரியாக அங்கே, டம்ளர் போடும் இடம் வர வேண்டும். கால் பழகிய வழியை மாற்ற வேண்டாம். எங்களிடம் அது கை கழுவும் இடத்துக்கு மூன்றடி முன்னால். ஒரு தகரப் பலகையில் டம்ளர் அகலத்துக்கு வட்டமாக ஓட்டைகள் போட்டு மேசையாக்கினோம். டம்ளரைக் கவிழ்த்து அந்த ஓட்டையில் வைத்தால் விளிம்பு தாங்கி நிற்கும். ஓட்டையைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்று கைக்கே தெரிந்துவிடுகிறது. பிஸ்கட் உறை, பீடித் துண்டு போடவும் அதில் வசதி இல்லை.

அதற்கு முன்னால் இன்னொன்று வைத்தேன். இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மீதிக் காபியை ஊற்ற ஒரு புனல், புனலுக்குக் கீழே உள்ளே தெரிகிற 5 லிட்டர் கேன், அதில் லிட்டருக்கு லிட்டர் மார்க்கரில் கோடு. பக்கத்தில் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. முதல் நாள் கேன் மூன்று கோடு தாண்டியது. யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டாம் வாரத்திலிருந்து கவுண்டரில் “எனக்குக் கொஞ்சமா ஊத்துங்கக்கா” என்று குரல்கள் வர ஆரம்பித்தன. நான்கு மாதம் கழித்து அது ஒரு கோட்டைத் தொடுவதே அபூர்வம். சாயங்காலம் கேனைக் காலிசெய்து கழுவிக் கவிழ்த்துவிடுங்கள், பால் புளித்து நாற்றம் வந்தால் யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள்.

கையோடு கொண்டுபோக வேண்டுமென்றால்

தூக்கிப்போடும் கப்பை ஒரேயடியாக ஒழிக்க முயலவில்லை. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, லாரி ஓட்டுநர், மெஷினை விட்டு வர முடியாதவர் என்று நிஜமான தேவை இருக்கிறது. கரும்புச் சக்கையில் செய்த, பிளாஸ்டிக் பூச்சு இல்லாத கப் கொஞ்சம் வைத்தேன். ஆனால் அலமாரிக்குள். கேட்டால்தான் எடுத்துக் கொடுப்போம். விலையும் தனி: காபி 8 ரூபாய், கப் 3 ரூபாய் என்று இரண்டு வரியாக எழுதினேன்.

இந்த இரண்டு வரி ஏன் என்று சொல்கிறேன். பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காபிக் கடைகளில் இதைச் சோதித்தார்கள். சொந்தக் கப் கொண்டுவந்தால் தள்ளுபடி என்றபோது பெரிதாக எதுவும் மாறவில்லை. தூக்கிப்போடும் கப்புக்குத் தனிக் கட்டணம் என்றதும் சொந்தக் கப் கொண்டுவருவது கூடியது. 3 ரூபாய் கிடைப்பதைவிட 3 ரூபாய் கையை விட்டுப் போவது நமக்கு உறைக்கிறது. ‘டம்ளரில் குடித்தால் 3 ரூபாய் குறைவு’ என்று எழுதினால் கணக்கு ஒன்றுதான், பலன் ஒன்றல்ல.

தினமும் வரும் ஓட்டுநர்களுக்கு மூடி போட்ட டம்ளர், 50 ரூபாய் முன்பணம், திருப்பித் தந்தால் முழுப் பணம். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்தில் 2016-இல் ஒரு யூரோ முன்பணத்தில் பல கடைகளுக்கும் பொதுவாக ஒரே கப்பைச் சுற்றவிட்டார்கள். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரத்தில் 2024-இல் தெருவில் மெஷின் வைத்து, கப்பைப் போட்டால் 5 குரோனர் திரும்பி வருகிற மாதிரி செய்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்களே, அதே ஏற்பாடுதான். முன்பணம் டம்ளர் விலையைவிடக் கொஞ்சமாவது அதிகமாக இருக்கட்டும். 20 ரூபாய் வைத்துப் பார்த்தேன், டம்ளர்கள் லாரியோடு ஓசூர் போய்விட்டன.

டிகாக்‌ஷன், பால், சக்கை

பெரிய டிரம் ஃபில்டரில் காலையிலேயே நாள் முழுவதுக்கும் இறக்கினால் சாயங்காலத்துக்குள் சுவை செத்துவிடும், மிச்சத்தைக் கொட்ட வேண்டிவரும். நடுத்தர அளவில் இரண்டு ஃபில்டர் வாங்கி, இடைவேளைக்கு ஒன்றாக இறக்குங்கள். எத்தனை பேர் என்று 9.30-க்கே டோக்கன் போர்டில் தெரிந்துவிட்டால் பாலையும் அதற்கேற்பக் காய்ச்சலாம். தூள் வாங்கக் கடைக்குப் போகும்போது மூடி போட்ட டின்னைக் கொண்டுபோனால் அரைத்த கையோடு அதிலேயே நிறுத்துத் தருவார்கள். ஏற்காடு, கீழ்ப்பழனி மலை, குடகு பக்கத்துத் தோட்டங்களில் மர நிழலில், மிளகுக் கொடிக்கு நடுவே விளைந்த கொட்டை கிடைத்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். சக்கையைக் காய்ந்த இலையோடு கலந்து குழியில் போட்டால் மட்கிவிடும். தனியாகக் குவித்தால் பூசணம் பிடிக்கும்.

காசுக் கணக்கு

டம்ளர் ஒன்று 40 ரூபாய், 220-க்கு 8,800. காகிதக் கப் ஒன்று 60 பைசா, நாளுக்கு 216 ரூபாய். இதை மட்டும் பார்த்தால் இரண்டு மாதத்தில் முதல் வந்துவிட்டது போலத் தோன்றும், ஆனால் அது பாதிக் கணக்கு. கழுவ அரைநாள் ஆள் தேவை, அந்தக் கூலி கப் செலவைவிட அதிகம். நிர்வாகத்திடம் பேசும்போது இதை மறைக்காதீர்கள். என்னைக் காப்பாற்றியது பால்தான். அளவு குறைந்து மீதியும் குறைந்ததில் நாளுக்கு 5 லிட்டர் பால் மிச்சம். கப்பும் பாலும் சேர்ந்தால் கூலி போகக் கொஞ்சம் கையில் நிற்கிறது. ஆரம்பத்தில் ஒரு வாரம் வாளியில் அளந்த நோட்டு இங்கேதான் உதவும். அதைத்தான் மேசைமேல் வைத்தேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டம்ளரை எண்ணுங்கள். முதல் எண்ணிக்கையில் எங்களிடம் 31 குறைந்தது. ஸ்டோர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு தேடியதில் பாதிக்கு மேல் மெஷின்களுக்குப் பக்கத்தில், போல்ட்டும் நட்டும் போட்டு வைத்த நிலையில் கிடைத்தன. திட்டுவதற்குப் பதில் ஸ்டோரில் சொல்லி மெஷினில் நிற்பவர்களுக்குச் சின்னச் சின்னத் தகர டப்பாக்கள் வாங்கி வைத்தோம். அடுத்த எண்ணிக்கையில் 6 தான் குறைந்தது. இப்போது இரவு ஷிஃப்டுக்கு என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். கழுவ ஆள் இல்லாத நேரம் அது. கம்பிக் கூடை ஒன்றைக் கூடுதலாக வாங்கி, காலை வரை அழுக்கு டம்ளர்களைத் தண்ணீரில் ஊறப்போட ஒரு தொட்டிக்கு அளவெடுத்திருக்கிறேன்.